மண்ணில்லாப் பசுந்தீவன அறை: தொடங்கும் முன் கணக்கு, தொடங்கிய பின் சுத்தம்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில், கெடார் வட்டாரத்துக் கறவை மாடு வளர்ப்போருக்காகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



கெடார், காணை பக்கமும் சரி, மயிலம், திண்டிவனம் பக்கமும் சரி, மணிலாக் கொடியும் கரும்புத் தோகையும் வைக்கோலும்தான் நம் மாடுகளுக்குக் கை கொடுக்கின்றன. பச்சைத் தீவனம் என்று வரும்போதுதான் கை கட்டிக்கொள்கிறது. கோடையில் தண்ணீர் இல்லை. அடைமழையில் வரப்பில் இறங்கிப் புல் அறுக்க முடியவில்லை. 2024-ம் வருஷம் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மாதிரி நாட்களில் பச்சைக்கு எங்கே போவது?

இதற்கு ஒரு வழியாக மண்ணில்லாத் தீவனம், அதாவது ஹைட்ரோபோனிக்ஸ் தீவனம் என்று சொல்கிறார்கள். மக்காச்சோளத்தை ஊறவைத்து, தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் பாய் மாதிரி பச்சையாக எழுந்து வருகிறது. பார்த்தவுடன் ஆசை வருவது சகஜம். ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. ஆகவே இன்றைக்கு அந்த அறையை எப்படி அமைப்பது, என்னென்ன கோளாறு வரும், யாருக்கு இது லாபம், யாருக்கு வேண்டாம் என்பதை உள்ளபடி பார்ப்போம்.

மண் இல்லாமல் பயிர் வளர்ப்பது புதுசு இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1930-களிலேயே உரம் கரைத்த தண்ணீரில் தக்காளி வளர்த்துக் காட்டினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை 1937-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். நம் நாட்டில் 1940-களில் வங்காளத்துக் காலிம்போங் மலையில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் அதிகச் செலவில்லாத முறை ஒன்றைச் செய்து பார்த்தார். காய்கறிக்கு உரக் கரைசல் வேண்டும். நாம் பேசும் தீவனத்துக்கு அது தேவையில்லை. ஒரு வாரத்து முளை, விதைக்குள் இருக்கிற மாவைத் தின்றே வளர்ந்துவிடும். வெறும் நல்ல தண்ணீர் போதும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு

கோவாவில் இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சி வளாகத்தில் இந்த மக்காச்சோளத் தீவனத்தை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1 கிலோ விதைக்கு ஐந்தரைக் கிலோ அளவுக்குப் பச்சை கிடைக்கிறது. நல்ல பக்குவத்தில் இன்னும் கொஞ்சம் கூடும்.

1 கிலோ போட்டு ஐந்தரைக் கிலோ எடுக்கிறோமே, மீதி நாலரைக் கிலோ எங்கிருந்து வந்தது? மண் போடவில்லை, உரம் போடவில்லை. வந்தது தண்ணீர்தான். காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோவில் ஈரம் போக ஏறக்குறைய 900 கிராம் சத்துப் பொருள் இருக்கிறது. அந்தப் பச்சைப் பாயை அப்படியே காயவைத்து நிறுத்தால் 700 முதல் 750 கிராம்தான் தேறும். மீதி எங்கே என்றால், முளை மூச்சுவிட்டு வளர்வதற்கே செலவழிந்துவிட்டது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அப்படியானால் பிரயோஜனம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முளைவிட்ட தானியம் எளிதில் செரிக்கும். பச்சைக்கே உரிய வைட்டமின்கள் கிடைக்கும். வைக்கோலை மட்டும் மென்று அலுத்த மாடு இதைக் கலந்து போட்டால் மிச்சம் வைக்காமல் தின்னும். ஆனால் இது பசுந்தீவனத்துக்குத் துணையே தவிர, தீவனம் முழுவதற்கும் மாற்று இல்லை.

காசுக் கணக்கும் பார்ப்போம். மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோ விதை, 75 ரூபாய். கிடைப்பது பதினாறரைக் கிலோ பச்சை. கிலோ நாலரை ரூபாய் என்று பார்த்தால் மலிவாகத் தெரியும். ஆனால் அதில் இருக்கிற காய்ந்த சத்துப் பொருள் 2 கிலோவுக்குச் சற்று மேல். அப்படிப் பார்த்தால் கிலோ 35 ரூபாய் ஆகிவிடுகிறது. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பக்கம், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் வரை அறுக்கலாம் என்கிறார்கள். அதில் பாதி வந்தாலும் 10 சென்ட் நிலத்தில் நாளுக்குச் சராசரி 20 கிலோ புல். ஆகையினால் கிணற்றில் தண்ணீரும் 10 சென்ட் நிலமும் இருக்கிறவர்கள் முதலில் புல்லை நடுங்கள். நிலமே இல்லாமல் 1 மாடு, 2 மாடு வைத்திருப்பவர்கள், கோடையில் கிணறு வற்றிவிடும் இடத்தில் இருப்பவர்கள், கன்றுக்கும் ஆட்டுக்கும் கொஞ்சம் பச்சை வேண்டும் என்பவர்கள், இவர்களுக்குத்தான் இந்த அறை. லட்சக்கணக்கில் கடன் வாங்கி குளிர்சாதன இயந்திரம் வைத்து ஆரம்பிக்க வேண்டியதே இல்லை.

அறை எப்படி இருக்க வேண்டும்?

2 மாட்டுக்கு 8 அடிக்கு 6 அடி இடம் தாராளம். மாட்டுக் கொட்டகையை ஒட்டி, மேற்கு வெயில் படாத பக்கமாகப் பாருங்கள். மேலே தென்னங்கீற்று. தகரம் வேண்டாம், தகரம் கொதிக்கும். சுற்றிலும் நிழல்வலை, அதற்கு வெளியே சுருட்டி இறக்குகிற மாதிரி கோணிச் சாக்குப் படுதா. தரைக்குச் செங்கல் பாவியோ சிமெண்டு போட்டோ ஒரு பக்கம் சரிவு கொடுங்கள். வடியும் தண்ணீர் வெளியே வாழைக்கோ முருங்கைக்கோ போகட்டும். அதைப் பிடித்துத் திரும்பத் தட்டுக்கே தெளிக்கக்கூடாது. ஒரு தட்டில் இருக்கிற பூசணம் எல்லாத் தட்டுக்கும் போய்விடும்.

விளக்கு போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. நேர் வெயில் கூடாது. நிழலாக வரும் பகல் வெளிச்சமே பச்சை பிடிக்கப் போதும். அறைக்குள் வெப்பம் 22 முதல் 28 டிகிரி வரை இருப்பது உத்தமம். 30-க்கு மேலே போகப் போகத் தொல்லை. சுவரில் ஒரு வெப்பமானி மாட்டிவையுங்கள்.

தட்டு அடுக்க, சவுக்குக் கழியில் ஒரு பரண் கட்டிக்கொள்ளலாம். நீளம் ஆறரை அடி, அகலம் 2 அடி, அடுக்கு 4. கீழ் அடுக்கு தரையிலிருந்து 1 அடி உயரத்தில் இருக்கட்டும். அடுக்குக்கு அடுக்கு ஒன்றேகால் அடி இடைவெளி விடுங்கள். 2 அடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள பிளாஸ்டிக் தட்டு, அடுக்குக்கு 4 வீதம் உட்காரும். நனைந்த பாயின் எடை லேசானதல்ல. கழி திடமாக இருக்கட்டும். தட்டின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வேண்டும். ஓட்டைப் பக்கம் அரை அங்குலம் தாழ்வாக வைத்தால் தண்ணீர் தேங்காது.

மொத்தம் 16 தட்டு வாங்குங்கள். நாளுக்கு 2 வீதம் 7 நாளுக்கு 14 தட்டு அறையில் இருக்கும். மிச்சம் 2 தட்டு கழுவி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். இன்று பரப்பிய தட்டு மேல் அடுக்கில் இருக்க வேண்டும். நாளாக ஆக ஒவ்வோர் அடுக்காகக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். பழைய தட்டின் தண்ணீர் புதுத் தட்டில் சொட்டக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எந்தத் தட்டு என்றைக்குப் போட்டது என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவையுங்கள்.

விதையில் ஏமாறக்கூடாது

இந்த இடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். விதைப்பதற்கென்று விற்கிற மக்காச்சோளத்தில் பூச்சிமருந்தும் பூசணமருந்தும் கலந்திருப்பார்கள். சிவப்பாகவோ வேறு நிறத்திலோ சாயம் பூசியிருக்கும். அதை ஒருபோதும் இந்தத் தட்டில் போடக்கூடாது. மாடு விதை, வேர், இலை எல்லாவற்றையும் சேர்த்தே தின்கிறது. மருந்தும் கூடவே போகும். மருந்து கலக்காத, அந்த வருஷத்து மக்காச்சோளத்தை விவசாயியிடம் நேரில் வாங்குவது நல்லது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் மக்காச்சோளம் நிறைய விளைகிறது.

சோளம் கையில் இருக்கிறதே, அதைப் போடலாமா என்றால், கூடாது. இளம் சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுந்துபோவது நம் பெரியவர்களுக்குத் தெரியும். சோள முளையிலும் அதே நஞ்சு இருக்கிறது. மக்காச்சோளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை பழகிய பிறகு காராமணி, கொள்ளு கொஞ்சம் கலந்து பார்க்கலாம்.

வாங்கிய விதையில் 100 எண்ணி ஈரத் துணியில் முடிந்து வையுங்கள். மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்த்தால் 85-க்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும். குறைந்தால் அந்த மூட்டை வேண்டாம். முளைக்காத விதைதான் முதலில் அழுகும்.

நாள்படி வேலை

விதையை முறத்தில் புடைத்து, உடைசலையும் பொடியையும் எடுத்துவிடுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, 3 தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். மாலை 6 மணிக்கு ஊறப் போட்டுக் காலை 6 மணிக்கு வடித்துவிடலாம். பிறகு சுத்தமான ஈரச் சாக்கில் தளர்வாகக் கட்டி, ஒரு நாள் நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அப்போது தட்டில் பரப்புங்கள்.

ஒரு தட்டுக்கு ஒன்றரைக் கிலோ விதை, அதாவது சதுர அடிக்கு அரைக் கிலோ. இது உலர்ந்த எடை. கோடையிலும் அடைமழையிலும் சதுர அடிக்கு 400 கிராம் போதும். கூடப் போட்டால் கூட வரும் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. கூடப் போட்டால் நடுவில் புழுங்கும்.

பகலில் 2 மணிக்கு ஒருமுறை பனி மாதிரி தெளிக்க வேண்டும். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒருமுறை, விடியலில் ஒருமுறை போதும். 2 மாட்டுத் தீவனத்துக்கு நாளுக்கு சுமார் 50 லிட்டர் பிடிக்கும். கைத்தெளிப்பான் புதுசாக வாங்குங்கள். வயலுக்கு மருந்து அடித்த தெளிப்பானை எத்தனை தடவை கழுவியிருந்தாலும் இதற்கு எடுக்கக்கூடாது. மோட்டாரும் டைமரும் வைத்தவர்கள், மின்சாரம் நின்றுபோனால் சமாளிக்க மேலே ஒரு 200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர் ஏற்றிவையுங்கள். மரக்காணம் பக்கம் மாதிரி கடலோரத்தில் உப்புத் தண்ணீர் இருக்கிற இடமானால், 1 தட்டு போட்டு முளைப்பைப் பார்த்துவிட்டுப் பிறகு இறங்குங்கள்.

தட்டுக்குப் போன ஏழாம் நாள் முக்கால் அடி உயரம் வந்திருக்கும். அறுக்க வேண்டியதில்லை. பாயைச் சுருட்டி எடுத்து, துண்டு துண்டாகக் கிழித்துப் போடலாம். இன்னும் 3 நாள் விட்டால் இன்னும் வளருமே என்று விடாதீர்கள். உயரம் கூடும், சத்து குறையும், பூசணமும் வரும்.

காலியான தட்டை உடனே தேய்த்துக் கழுவுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, அதில் அரை மணி நேரம் முக்கிவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள். பவுடரைக் கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வேறு ஆசிட் எதனோடும் சேர்க்கக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கோளாறும் பரிகாரமும்

முதல் கோளாறு பூசணம். மூன்றாம் நாள் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிகிறதே என்று சிலர் பயந்து தட்டையே கொட்டிவிடுகிறார்கள். அது வேரின் மெல்லிய ரோமமாகவும் இருக்கலாம். சோதனை என்ன என்றால், தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேர் ரோமமானால் நனைந்து படிந்துவிடும். வாசனையும் பச்சை முளை வாசனைதான். பூசணமானால் சிலந்தி வலை மாதிரி விதைக்கு விதை பின்னிக்கொண்டிருக்கும். சாம்பல், பச்சை, கறுப்பு என்று நிறம் காட்டும். மக்கிய நாற்றம் அடிக்கும்.

பூசணம் என்று தெரிந்துவிட்டால் அந்தத் தட்டு மாட்டுக்கு இல்லை. மேலாகச் சீவிவிட்டு மீதியைப் போடலாமா என்று கேட்கவே கேட்காதீர்கள். நீங்கள் மணிலா விளைவிக்கிறவர்கள். ஈரத்தில் கெட்ட மணிலாவில் வரும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மக்காச்சோளத்திலும் அதே நஞ்சு வரும். கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. மாட்டின் ஈரலைக் கெடுத்து, பாலிலும் இறங்கும். அந்தப் பாலை நம் வீட்டுக் குழந்தைதான் குடிக்கிறது. ஆட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதையுங்கள். 40 ரூபாய் விதை போனால் போகிறது, 1 மாடு போனால் என்ன செய்வோம்?

பூசணம் ஏன் வருகிறது? உடைந்த விதை, தடித்துப் பரப்பியது, தண்ணீர் தேங்கியது, காற்று ஓடாதது, கழுவாத தட்டு, இந்த ஐந்தில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி செய்யுங்கள். அதுவரைக்கும் புதுத் தட்டு போடாதீர்கள்.

இரண்டாவது, பாயின் நடுவில் கையை விட்டால் சூடாக இருப்பது. விதை தடிப்பு என்று அர்த்தம். அடுத்த தட்டில் அளவைக் குறையுங்கள். இதற்குத் தண்ணீரும் படுதாக் காற்றும் கொடுங்கள்.

மூன்றாவது, ஓரம் காய்ந்து நடு மட்டும் எழும்புவது. தெளிப்பு ஓரத்துக்கு எட்டவில்லை. கையால் ஒரு சுற்று ஓரத்துக்குத் தெளியுங்கள்.

நான்காவது, புளித்த வாடையும் வழுவழுப்பும். ஓட்டை அடைத்துக்கொண்டது, இல்லையானால் தட்டின் சரிவு போதவில்லை.

ஐந்தாவது, இலை மஞ்சளாக வருவது. வெளிச்சக் குறைவுதான், கெடுதல் இல்லை. கடைசி 2 நாள் வெளிச்சம் வரும் பக்கம் வையுங்கள். இலை நுனி கருகினால் வெப்பக் காற்று. படுதாவை நனைத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் எவ்வளவு நனைத்தும் அறை 35 டிகிரிக்குக் கீழே வரவில்லை என்றால், அந்த 3 வாரம் அறையை நிறுத்திவைப்பதே புத்திசாலித்தனம்.

எலிக்கு மருந்து வைக்கிறேன் என்று அறைக்குள் விஷம் வைக்காதீர்கள். வலையைத் தரை வரை இறக்கிக் கட்டுங்கள். பொறி வையுங்கள். எறும்புக்குப் பரண் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்.

மாட்டுக்கு எப்படிக் கொடுப்பது?

முதல் நாளே 10 கிலோ போடாதீர்கள். 1 கிலோவில் ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். பெரிய கறவை மாட்டுக்கு நாளுக்கு 8 கிலோ, மிஞ்சினால் 10 கிலோ. வைக்கோலோ மணிலாக் கொடியோ கலந்துதான் போட வேண்டும். நார் இல்லாமல் இதை மட்டும் போட்டால் சாணி இளகும், பாலில் கொழுப்பும் இறங்கும். சங்கத்தில் கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும்தான் விலை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடர்தீவனத்தையும் தாது உப்பையும் நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் குறைக்கலாமா என்பதைக் கறக்கும் அளவைப் பார்த்து, கால்நடை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முடிவாக ஒன்று சொல்கிறேன். பரண் கட்டும் முன், 2 தட்டு மட்டும் வாங்குங்கள். வீட்டுத் திண்ணை நிழலில் வைத்து, ஒரு தவணை போட்டுப் பாருங்கள். எத்தனை விதை போட்டோம், எத்தனை கிலோ எடுத்தோம், எத்தனை தடவை தெளித்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 2 மணிக்கு ஒருமுறை தெளிக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். பெரும்பாலும் இந்த வேலை வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அவர்களைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். 3 தவணை பூசணம் இல்லாமல் எடுத்துவிட்டால், பிறகு 16 தட்டுக்குப் போகலாம். மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலும், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண் இல்லாமல் தீவனம் வளரும். ஆனால் கணக்கு இல்லாமலும் சுத்தம் இல்லாமலும் வளராது. இதை மறக்காமல் இருந்தால், கோடையிலும் மழையிலும் உங்கள் தொழுவத்தில் ஒரு கை பச்சை இருக்கும்.